கனெக்ட் ஆயிருச்சு, ஆனா லைன் இல்லை: புளூடூத்–ஈதர்நெட் இணைப்பில் பிழை நீக்கும் வழிமுறை

வைஃபை கடவுச்சொல்லை ஒரு பிள்ளையிடம் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் எதிர்வரிசை ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிப்பவர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்தும் டீச்சர் ஒருவர் புளூடூத்துக்கு மாறியதற்கு முதல் காரணம் அதுதான். ஒவ்வொரு கருவியையும் அவரே ஜோடி சேர்த்தால்தான் உள்ளே வர முடியும். இரண்டாவது காரணம் வேகம். கேள்வித்தாள் இறங்கும், அகராதி திறக்கும், யூடியூப் மட்டும் முக்கி முனகும். டீச்சர் அதைக் குறையாக நினைக்கவில்லை.

இந்த இரண்டு காரணமும் உங்களுக்கு இல்லையென்றால் வைஃபையே போடுங்கள். இதில் மெனக்கெட வேண்டாம்.

அமைப்பு எளிது. கீழ்த்தளத்து ஃபைபர் மோடத்திலிருந்து ஒரு லேன் கேபிள் மாடிக்கு வருகிறது. அங்கே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி (இனி ‘பை’), அதிலிருந்து புளூடூத்தில் பிள்ளைகளின் லேப்டாப்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள டிவிஷன்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அண்ணன், அக்கா கைமாற்றிக் கொடுத்த லேப்டாப்கள்தான். விண்டோஸ் 7 உண்டு, 11 உண்டு, லினக்ஸ் போட்டதும் உண்டு. அதனால் ஒரே கோளாறு ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு முகம் காட்டும்.

பிழை தேடும் முன் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். புளூடூத்தில் ‘பேன்’ என்ற சுயவிவரம் இருக்கிறது. அதில் வலையைக் கொடுக்கும் கருவி ‘என்ஏபி’, இங்கே அது பை. வாங்கும் கருவி ‘பேன்யூ’, இங்கே லேப்டாப். நடுவே ‘பிநெப்’ என்ற நெறிமுறை ஈதர்நெட் பொட்டலங்களை அப்படியே புளூடூத்தில் சுமந்து போகிறது. கருவியின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியும் சேர்ந்தே பயணம் செய்வதால், பைக்குள் ஒரு மென்பொருள் பாலம் கட்டி ஈதர்நெட் முனையையும் புளூடூத் முனையையும் ஒரே கம்பியில் இருப்பதுபோல் சேர்த்துவிடலாம். வலையில் ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய ஐபி முகவரியை வழங்கும் வேலையைக் கீழே இருக்கும் மோடமே பார்த்துக்கொள்ளும்.

ஆக வரிசை இப்படி: ரேடியோ, ஜோடி, சேவைப் பதிவு, பிநெப் முனை, பாலம், ஐபி முகவரி, கடைசியில் இணையம். ஜோடி சேர்ந்து, இணைப்பும் நிலைத்து நின்ற பிறகு வரும் கோளாறுகளில் முக்கால்வாசி பாலத்தைச் சேர்ந்தவை என்பது என் அனுபவம். ஆனால் எல்லாரும் புளூடூத்தைத்தான் திட்டுவார்கள். யுஎஸ்பியில் செருகும் புளூடூத் டாங்கிளை மாற்றுவார்கள், ஓஎஸ்ஸையே அழித்துப் போடுவார்கள். அதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

பையின் பெயரே பட்டியலில் வரவில்லை

முதல் சந்தேகம் நேரத்தின் மேல். லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸீ, கருவியைப் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது இயல்பாக 180 விநாடிதான். டீச்சர் மாடி ஏறி, மின்விசிறியைப் போட்டு, லேப்டாப்பைத் திறப்பதற்குள் அது முடிந்துவிடும். புளூடூத் அமைப்புக் கோப்பான ‘மெயின் கான்ஃப்’பில் ‘டிஸ்கவரபிள் டைம்அவுட்’ என்ற வரியை 0 ஆக்கினால் எப்போதும் தெரியும். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த பிறகு மறைத்துவிடுவது நல்லது. ஒரு தடவை சேர்ந்த கருவிக்கு இது தேவையே இல்லை.

அதுவும் சரியென்றால், ரேடியோக்கள் பூட்டியிருக்கின்றனவா என்று காட்டும் ‘ஆர்எஃப்கில்’ பட்டியலைப் பாருங்கள். புளூடூத்துக்கு நேரே ‘சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்’ என்றிருந்தால் மென்பொருளே பூட்டி வைத்திருக்கிறது, திறந்துவிட்டால் போதும். பட்டியலில் புளூடூத்தே இல்லையென்றால், பையின் ‘கான்ஃபிக்’ கோப்பில் யாரோ அதை முடக்கும் வரியைச் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்று. பேன் சுயவிவரம் கிளாசிக் புளூடூத்தில் மட்டுமே ஓடும். ‘லோ எனர்ஜி’ வகை மட்டும் உள்ள சிப் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

ஜோடி சேர மறுக்கிறது, அல்லது சேர்ந்ததும் கழன்றுகொள்கிறது

இரு பக்கமும் பழைய சாவி பொருந்தவில்லை என்று பொருள். பையின் எஸ்டி கார்டை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால் பைக்கு யாரையும் ஞாபகம் இருக்காது, ஆனால் லேப்டாப் பழைய சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் தீராது. லேப்டாப்பில் கருவியை நீக்குங்கள், பையில் ‘புளூடூத் சிடிஎல்’லில் ‘ரிமூவ்’ கொடுங்கள், பிறகு புதிதாகச் சேருங்கள். சேர்ந்ததும் ‘டிரஸ்ட்’ கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பை அனுமதி கேட்கும், திரையில்லாத பெட்டியில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

திரையும் விசைப்பலகையும் இல்லாத பையில் ஜோடி சேர்க்க ‘ஏஜென்ட்’ ஒன்று பின்னணியில் ஓட வேண்டும். ‘நோ இன்புட் நோ அவுட்புட்’ வகை ஏஜென்ட் எண் எதுவும் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் கடை வாசலில் நிற்கும் எவரும் சேரலாம். ஆகவே சேர்க்கும் நேரத்தில் மட்டும் அதை ஓடவிட்டு, முடிந்ததும் ‘பேரபிள்’ நிலையை அணைத்துவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் பரவக் கூடாது என்றுதானே இங்கே வந்தோம்.

ஜோடி சரியாக இருந்து, வலையில் இணைந்த கணமே அறுந்தால் கதை வேறு. பையில் புளூடூத் சேவையின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ‘பிநெப்0’ முனையைப் பாலத்தில் சேர்க்க முடியவில்லை என்ற வரி இருந்தால், நீங்கள் சொன்ன பெயரில் பாலமே இல்லை. ‘பிஆர்0’ என்று கட்டிவிட்டு ‘பேன்0’ என்று பதிவு செய்திருப்பீர்கள். வலைத்தள வழிகாட்டி இரண்டைப் பார்த்து பாதி பாதி நகலெடுத்தால் இது நிச்சயம் நடக்கும்.

ஜோடி சேர்ந்தது, ஆனால் ‘ஆக்ஸஸ் பாயிண்ட்’ என்ற தேர்வைக் காணோம்

விண்டோஸில் புளூடூத் வலைக் கருவிகளின் பட்டியலைத் திறந்து, பையைத் தேர்ந்து, ‘கனெக்ட் யூஸிங்’ என்பதன் கீழ் ‘ஆக்ஸஸ் பாயிண்ட்’ வர வேண்டும். வரவில்லையென்றால் பை தன்னை என்ஏபி என்று அறிவிக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. புளூஸீ 5இல் இந்தச் சேவையை, நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டீ-பஸ் வழியாக ஒரு நிரல் பதிவு செய்கிறது. அந்த நிரல் உயிரோடு இருக்கும்வரைதான் பதிவும் இருக்கும். வேறு கணினியிலிருந்து பைக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாளரத்தில் கட்டளை கொடுத்து, எல்லாம் வேலை செய்வதைப் பார்த்துச் சாளரத்தை மூடினால் சேவையும் போய்விடும். “நேத்து நல்லாதானே ஓடுச்சு அண்ணே” என்ற புலம்பலுக்கு இதுதான் முதல் விடை. பதிவு செய்யும் நிரலை, பின்னணிச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் ‘சிஸ்டம்டி’யில் ஒரு சேவையாக எழுதி, புளூடூத் சேவைக்குப் பின் தொடங்கும்படியும், விழுந்தால் தானே எழும்படியும் வைத்துவிடுங்கள்.

பழைய வழிகாட்டிகள் ‘பேண்ட்’ என்ற கட்டளையைச் சொல்லும். 2012இல் வந்த புளூஸீ 5 அதை எடுத்துவிட்டது. அந்தப் பெயர் கண்ணில் பட்டாலே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பதிவேட்டில், லினக்ஸின் உட்கருவான கெர்னலில் பிநெப் ஆதரவு இல்லை என்று வந்தால் ‘மாட்ப்ரோப்’ கொண்டு பிநெப் தொகுதியை ஏற்றுங்கள். ‘சாப்’ இயக்கி தொடங்கவில்லை என்று சிவப்பில் வரும் வரி வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாவம், அந்த வரியைத் துரத்தி இராத்தூக்கம் கெட்டவர்கள் நிறைய.

பையில் எல்லாம் சரி, விண்டோஸில் மட்டும் தேர்வு வரவில்லையா? சேவை இல்லாத நேரத்தில் ஜோடி சேர்த்திருப்பீர்கள். அன்று பார்த்த பட்டியலையே விண்டோஸ் ஞாபகம் வைத்திருக்கும். நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள்.

ஆண்ட்ராய்டு திறன்பேசியில் ஜோடிக் கருவியின் விவரப் பக்கத்தில் ‘இணைய அணுகல்’ என்ற பொத்தானைப் போட வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கனெக்ட் ஆயிருச்சு, ஆனா லைன் இல்லை

அதிகம் வருவது இதுதான். லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். 169.254 என்று ஆரம்பித்தால் மோடத்திடமிருந்து முகவரி வந்து சேரவில்லை, லேப்டாப் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வராதவனுக்குக் கிராணி நிரை கொடுக்க மாட்டார். அதுபோல, லேப்டாப்பின் கோரிக்கை மோடம் வரைக்கும் போய்ச் சேராமல் முகவரி கிடைக்காது. எங்கே நின்றது என்பதுதான் கேள்வி.

பையில் ‘பிரிட்ஜ் லிங்க்’ கட்டளை கொடுத்தால் பாலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். ‘ஈத்0’ என்ற ஈதர்நெட் முனையும் பிநெப்0 முனையும் இரண்டுமே பிஆர்0 பாலத்தின் கீழ் வர வேண்டும். பிநெப்0 மட்டும் இருந்து ஈத்0 இல்லையென்றால், பாலத்தின் ஒரு கரை மட்டும் கட்டியிருக்கிறது. இது எப்படி நடக்கும்? 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் வலை நிர்வாகம் நெட்வொர்க் மேனேஜர் கைக்குப் போய்விட்டது. அதற்கு முன் எழுதிய வழிகாட்டிகள் ‘டிஹெச்சிபிசிடி’ கோப்பைத் திருத்தச் சொல்லும். திருத்தினால் பிழைச் செய்தி வராது, பலனும் வராது. பாலத்தையும், அதில் ஈத்0 சேர்வதையும் நெட்வொர்க் மேனேஜரிலேயே எழுதுங்கள். பழைய ‘வயர்டு கனெக்‌ஷன்’ அமைப்பு தானாகத் தொடங்காதபடி அணைத்தும் வையுங்கள். அணைக்காவிட்டால் மறுதொடக்கத்தில் அது முந்திக்கொண்டு ஈத்0ஐப் பிடித்துக்கொள்ளும். ஐபி முகவரி பாலத்தின் மேல்தான் இருக்க வேண்டும், ஈத்0 வெறுமையாக இருக்கட்டும்.

இரண்டு முனையும் பாலத்தில் இருந்தும் முகவரி வரவில்லையா? லேப்டாப்பில் இணைத்து, ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் முகவரியை மட்டும் புதுப்பியுங்கள். இப்போது வந்துவிட்டால் குற்றவாளி பாலத்தின் காத்திருப்பு நேரம். பொட்டலங்கள் வட்டமடிப்பதைத் தடுக்கும் எஸ்டிபி போட்டிருந்தால், லினக்ஸ் பாலம் புதிதாகச் சேரும் முனையை உடனே போக்குவரத்துக்குத் திறக்காது. ஒரு கட்டத்துக்கு இயல்பான காத்திருப்பு 15 விநாடி. இரண்டு கட்டம் சேர்ந்து 30 விநாடி. நெட்வொர்க் மேனேஜர் கட்டும் பாலத்தில் எஸ்டிபி இயல்பாகவே போட்டிருக்கும். லேப்டாப் அந்த இடைவெளியில் முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. ஒரே ஒரு கேபிள் மேலே போகும் இந்த அமைப்பில் வட்டம் உண்டாக வழியில்லை. எஸ்டிபியை அணைத்துக் காத்திருப்பை 0 ஆக்குங்கள். பிள்ளை இணைத்து மூச்சு விடுவதற்குள் முகவரி வந்துவிடும்.

அதே பையில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் டாக்கர் ஓடுகிறதா? அப்படியென்றால் தயங்காமல் அதைச் சந்தேகப்படுங்கள். டாக்கர் தன் பாதுகாப்புக்காக, கடந்துபோகும் பொட்டலங்களை இயல்பாகத் தடுக்கும்படி ஃபயர்வாலை மாற்றுகிறது. பாலத்துக்குள் போகும் பொட்டலங்களும் அந்த ஃபயர்வாலுக்குள் புகும்படி கெர்னல் தொகுதி ஒன்றையும் ஏற்றுகிறது. பாலம் சரி, முனைகள் சரி, காத்திருப்பு 0, இருந்தும் ஒன்றும் கடக்காது. பையிலிருந்து மோடத்துக்குப் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) போகும், லேப்டாப்பிலிருந்து போகாது. பிஆர்0 உள்ளே வந்து பிஆர்0 வழியே வெளியேறுவதை அனுமதிக்கும் ஒரு விதியை டாக்கரின் பயனர் விதிப் பட்டியலில் சேர்த்தால் தீரும்.

மாடிக்குக் கேபிள் இழுக்கச் சோம்பேறித்தனப்பட்டு, பை மோடத்தோடு வைஃபையில் பேசட்டும் என்று சிலர் பாலத்தில் வைஃபை முனையைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். கெர்னல் மறுத்துவிடும். சாதாரண வைஃபை இணைப்பில் பிறருடைய மேக் முகவரியைச் சுமந்து அனுப்ப இடமில்லை. அப்படித்தான் வேண்டுமென்றால் பாலத்தை விட்டுவிட்டு, நெட்வொர்க் மேனேஜரின் ‘ஷேர்டு’ முறைக்குப் போங்கள். அதில் பையே 10.42 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கி, அவற்றைத் தன் முகவரியாக மாற்றி வெளியே அனுப்பும்.

கடைசியாகக் கீழே இறங்கி மோடத்தைப் பாருங்கள். சில மோடங்களில் ஒரு லேன் துளை டிவி பெட்டிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும், அதில் செருகினால் விளக்கு எரியும், முகவரி வராது. வேறு துளைக்கு மாற்றுங்கள். முகவரிப் பட்டியலின் எல்லை சின்னதாக இருந்தால், கீழ்க்கடைக்காரர்களின் திறன்பேசிகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கும்.

லேப்டாப் சேர்ந்ததும் பையோடு இருந்த எஸ்எஸ்ஹெச் அறுந்துபோகிறது

விசித்திரமாகத் தெரியும், காரணம் சின்னது. லினக்ஸ் பாலம், தனக்கென ஒரு மேக் முகவரி நிர்ணயிக்கப்படாவிட்டால், தன்னில் சேர்ந்த முனைகளின் மேக் முகவரிகளில் எது சிறிய எண்ணோ அதை எடுத்துக்கொள்ளும். பிநெப் முனையின் எண் ஈத்0ஐவிடச் சிறியதாக இருந்தால், அது வந்து சேர்ந்த நொடியில் பாலத்தின் அடையாளமே மாறும். மோடம் புதியவர் யாரோ என்று நினைத்து வேறு ஐபி கொடுக்கும். பாலத்துக்கு ஈத்0இன் மேக் முகவரியையே நிலையாக எழுதிவிடுங்கள்.

ஐபி வந்தது, பக்கம் திறக்கவில்லை

எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் காரணம். லேப்டாப்பில் யாரோ கைமுறையாக எழுதிவைத்த பழைய டிஎன்எஸ் முகவரியை நீக்குங்கள்.

எல்லாப் பக்கமும் ‘பாதுகாப்பற்றது’ என்று கத்தினால் கடிகாரத்தைப் பாருங்கள். கைமாறி வந்த லேப்டாப்களில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், தேதி பல வருடம் பின்னால் நிற்கும். சான்றிதழ்கள் இன்னும் பிறக்காத காலத்தில் இருக்கிறது அந்த லேப்டாப். தேதியைத் திருத்துங்கள்.

மெதுவாக ஓடுகிறது, விட்டுவிட்டு வருகிறது

எது இயல்பு என்று முதலில் தெரிய வேண்டும். ஈடிஆர் என்ற வேக நீட்டிப்பு உள்ள கிளாசிக் புளூடூத்தின் வானலை வேகம் விநாடிக்கு 3 மெகாபிட், அதில் தரவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 2.1 மெகாபிட் அளவு. அதை எல்லாரும் பங்கு போட வேண்டும். ஒரு பைக்கு ஒரே நேரத்தில் 7 கருவிதான் சுறுசுறுப்பாக இணைந்திருக்கலாம். எட்டாவது பிள்ளை இணைக்க முடியவில்லை என்றால் அது பிழையில் சேராது. ஒருவரின் விண்டோஸ் அப்டேட் இறங்க ஆரம்பித்தாலும் மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். அந்த இணைப்பை விண்டோஸில் ‘மீட்டர்டு’ (அளவோடு பயன்படுத்த வேண்டியது) என்று குறித்துவையுங்கள்.

இயல்பைவிடவும் மோசமா? பையின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். பை 3, 4 இரண்டிலும் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில், ஒரே ஆன்டெனாவில் வாழ்கின்றன. கேபிள் இருக்கும்போது வைஃபைக்கு அங்கே வேலையில்லை. பை 4இல் நீல நிற யுஎஸ்பி 3 துளையில் ஹார்ட்டிஸ்க் செருகியிருந்தால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். தனி டாங்கிள் பயன்படுத்தினால் ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். இரும்பு அலமாரிக்குள் பையை வைத்துப் பூட்டிவிட்டு ‘லைன் வீக்’ என்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

மின்சாரமும் ஒரு காரணம். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பாசார் மாலாமில் வாங்கிய திறன்பேசி சார்ஜர் கனம் தாங்காமல் தாழும்போது, முதலில் தடுமாறுவது ரேடியோவும் யுஎஸ்பியும்தான். ‘விசிஜென்சிஎம்டி’ கட்டளையில் ‘கெட் த்ராட்டில்ட்’ கேட்டால் பதில் 0எக்ஸ்0 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் முதலில் சார்ஜரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

இடிமழைக்குப் பிறகு

கரண்ட் போய்த் திரும்பியதும் சேவை மட்டும் எழவில்லையென்றால், பாலம் தயாராகும் முன்பே பதிவு நிரல் ஓடி விழுந்திருக்கும். மேலே சொன்ன ‘சிஸ்டம்டி’ வரிசை சரியாக இருந்தால் தானே எழும்.

பை எழுகிறது, புளூடூத் இணைகிறது, ஈதர்நெட் துளையின் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், மோடத்தில் வேறு துளையையும் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் மின்னல் லேன் கேபிள் வழியே வந்து துளையை எரித்திருக்கிறது. நம் ஊரில் இது அபூர்வம் அல்ல. வானம் கறுக்கும்போது பிளக்கைப் பிடுங்குபவர்கள் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள், அதையும் பிடுங்க வேண்டும். பையைத் தூக்கிப் போட வேண்டாம். யுஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்றைச் செருகினால் அது ஈத்1 என்ற பெயரில் வரும். பாலத்தின் அமைப்பில் ஈத்0 இருந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதி, பாலத்தின் நிலையான மேக் முகவரியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மோடத்துக்கு வித்தியாசமே தெரியாது.